உதட்டின் நிறம்

மகள் கேட்ட ஆக்‌ஷன் பொம்மைக்கு அவள் நிறத்திலேயே முகம் தீட்டிக்கொண்டிருந்தேன். உதட்டுக்குக் கலந்த பழுப்பில் நீலம் கூடிப்போய், சாம்பல் பூத்துவிட்டது. தூரிகையைக் கீழே வைத்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, அம்மாவோடு தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி வந்த அன்று, சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் நடுவில் நின்றுபோனது. அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் வீட்டில் இருந்தது.

"அழுவாத லா. பெல்ல அழுத்து," என்றார் அம்மா, மூச்சுக்கு நடுவே.

அழுத்திக்கொண்டே இருந்தேன். லிஃப்ட் முழுக்கக் கொத்தமல்லி வாசனை. அம்மாவின் உதடு இதே சாம்பல் நிறமாகியது. இளைப்புச் சத்தம் அடங்கியபோதுதான் இன்னும் பயந்தேன். கடைசியில் ஆட்கள் வந்து கதவைத் திறந்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த நிறம்தான் என்னை விடவில்லை.

பொம்மையின் உதட்டிலிருந்து நீலத்தைத் துடைத்தெடுக்கும்போது அறைக்குள் மகள் இருமினாள்.

"அம்மா, நெஞ்சு டைட்டா இருக்கு."

ஓடிப்போய் விளக்கைப் போட்டு, முதலில் அவள் உதட்டைத்தான் பார்த்தேன்.