ஆடாமல் சொன்னால்தான் அறிவா?

மேலப்பாளையத்துப் பிள்ளைகளை மக்கு என்று எழுதியவர் நீர்தான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு மனத்தத்துவம் நடத்தியவரும் நீர். ஐரோப்பிய யுத்தத்துக்கு முந்தின வருஷம் என் வகுப்பைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரும் நீர்.

"உடம்பு அசைந்தால் கவனம் சிதறும். கவனம் சிதறினால் ஞாபகம் நிற்காது." இதை நீர் போதித்தபோது மேசைக்கு அடியில் உமது கால் ஆடிக்கொண்டேயிருந்தது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு எழுதினோம். வேலை வேண்டுமே.

என் இரண்டாம் வகுப்பு முழுக்க நெசவுக்கார முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். விடியற்காலை பள்ளிவாசலில் ஓதிவிட்டு வருவார்கள். முன்னும் பின்னும் ஆடி ஓதிப் பழகிய உடம்பு. வாய்ப்பாட்டையும் ஆடித்தான் சொல்வார்கள். பரீட்சையில் தவறியவனை வீட்டில் தறிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பள்ளிக்கூடம் கிடையாது. இது உமக்கும் தெரியும்.

நீர் வந்து எல்லோரையும் கைகட்டி நிற்கச் சொன்னீர். ஆடினால் அடி என்றீர். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதிக்கு மேல் ஒருவனாலும் சொல்ல முடியவில்லை.

"ஏலே, நாக்கு செத்துப்போச்சா?" என்று கேட்டீர்.

முன்வரிசையில் நின்றவன் சொன்னான்: "நாக்கு இருக்கு சார்வாள். நீங்க இடுப்பையில்லா கட்டிப் போட்டுட்டிய."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆடிச் சொல்ல விடுங்கள் என்று கேட்டேன்.

"ஆடிச் சொல்லுதது வெறும் உருப்போடுதது வே. அதுல புத்தி எங்க இருக்கு?" என்றீர்.

"அப்பம் புத்திக்கணக்கே கேளுங்க" என்றேன். நீர் கேட்கவில்லை. நான் அவனிடம் கேட்டேன்: "ஏழு வீடு. வீட்டுக்கு எட்டுத் தறி. மொத்தம் எத்தனலே?"

கையை அவிழ்த்துவிட்டு இரண்டு ஆட்டம் ஆடினான். "அம்பத்தாறு. ஆனா எட்டுத் தறி போடுத அளவுக்கு எங்க தெருவுல வீடு இல்ல, சார்வாள்."

உம் காதில் விழுந்தது. விழுந்தும், 'ஞாபக சக்தி இல்லை, ஒருவரும் தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவர்களை மூன்றாம் வகுப்பில் நானே உட்கார வைத்தேன். என்னை வேலையிலிருந்து நீக்கினீர். அதற்கு நான் அழவில்லை. ஆனால் எனக்குப் பின் வந்தவர் பிள்ளைகளை மறுபடியும் இரண்டாம் வகுப்புக்கு இறக்கினார். பாதிப்பேர் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். அம்பத்தாறு சொன்னவனும் போனான்.

இன்றும் மேடைமேடையாகக் கவனத்தைப் பற்றிப் பேசுகிறீராம். அடுத்த கூட்டத்தை மேலப்பாளையத்தில் வையும். தறியில் இருப்பவர்களையும் கூப்பிடும். அன்றைக்குத் தவறியது அவர்களா, உமது சாஸ்திரமா? அவர்கள் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லும்.