எனக்காக ஆறிய சோறு

இரண்டு வருடத்துக்கு முன்பு, கோடை முடிந்து குளிர் மெல்லத் தலைகாட்டுகிற நேரம். லண்டன் நோர்பரியில், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த விஷயம் இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குக் கூச்சம் அதிகம். வீட்டுக்கு யாராவது வந்தால் நான் குசினிக்குள், அடுப்படியில்தான். வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். மகளின் கலியாணத்தில்கூடக் கடைசிப் பந்தியில், ஒரு மூலையில் இருந்துதான் சாப்பிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. அப்படியே பழகிவிட்டது.

மகள் இங்கே பொறியியல் படித்தவள். லண்டனிலேயே பார்க்கிங் என்ற இடத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தாள். மீன், இறைச்சி ஏற்றுகிற குளிர் லொறிகளுக்குள் பொருத்தும் ஒரு பெட்டி செய்வாள். லொறிக்குள் சூடு ஏறினால் அந்தப் பெட்டி உடனே முதலாளியின் போனுக்குச் செய்தி அனுப்பும். நல்லாய்த்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பெரிய கம்பனிகள் அதே வேலைக்கு இறங்கின. வேலை குறைந்தது. வேறு வழி கிடைக்காவிட்டால் தைமாதத்தோடு பட்டறையை மூடவேண்டியதுதான் என்று அவள் மருமகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் வியட்நாம் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதும் அதே கதை.

"அங்க ஊருக்கு ஊர் பெரிய கடையள் திறக்கினம் அம்மா. சனத்தின்ர கையில இப்ப காசு புழங்குது. மீனும் பழமும் உலகம் முழுக்கப் போகுது. ஆனா வெயில் சரியான வெயில். வழியிலயே பழுதாகிப் போகுது."

வெளிநாட்டுக் கம்பனிகளை வாருங்கள் என்று அந்த நாடே கூப்பிடுகிறதாம். ஆனால் சின்னக் கம்பனி தனியாகப் போய் இறங்கினால் அனுமதி எடுக்கவே அலைந்து களைத்துவிடும், அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட்டாளியாக வேண்டும் என்றாள். தெற்கே ஆற்றோரம் மீன் வளர்த்து ஏற்றுமதி செய்கிற ஒரு குடும்பம் அவளுடைய பெட்டிக்கு ஆசைப்பட்டது. அந்தக் குடும்பத்து முதலாளி, தன் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். வேறு கம்பனிகளையும் பார்க்கத்தான் வந்தார். அந்தக் கம்பனிக்காரர்கள் அவருக்குப் பெரிய ஹோட்டல்களில் விருந்து கொடுத்தார்கள். எங்களிடம் அவர் கேட்டது வேறு. பட்டறையைப் பார்த்த பிறகு உங்கள் வீட்டாரைப் பார்க்கவேண்டும் என்றார்.

வீடு அமளிப்பட்டது. மருமகன் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் தேடிப் படித்தார். அவர்கள் விசிட்டிங் காட் தந்தால் இரண்டு கையாலும் வாங்கவேண்டுமாம். என்னுடைய பஸ் பாஸை நீட்டி நீட்டி எனக்குப் பழக்கினார்.

"மாமி, ஒரு கையால வாங்கிப்போடாதேங்கோ. பிறகு வியட்நாம் கைவிட்டுப் போயிடும்."

"எனக்கு ஆர் தம்பி காட் தரப்போகினம்?" என்று சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். மெலிந்த, அமைதியான மனிதர். அவர் தன் மொழியில் பேசுவார், அண்ணன் மகள் அதை ஆங்கிலத்தில் சொல்லுவாள், மகள் எனக்குத் தமிழில் சொல்லுவாள். நான் கும்பிட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். சோறு, மீன் குழம்பு, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, சொதி. எல்லாவற்றையும் கொண்டுபோய் மேசையில் வைத்து, அவர்களுக்குப் பரிமாறிவிட்டு, "சாப்பிடுங்கோ" என்று சொல்லித் திரும்பிவந்து கதவோரம் நின்றேன்.

அவர்கள் சாப்பிடவில்லை.

கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தார்கள். மகள் ஆங்கிலத்தில் சாப்பிடச் சொன்னாள். தலையை ஆட்டினார்கள். ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. நான் திரும்பப் போய், போதாதோ என்று இன்னும் கொஞ்சம் இறால் வைத்தேன். அதுவும் அப்படியே இருந்தது. சோற்றில் ஆவி அடங்கிவிட்டது. மகளோடு தொழில் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள், அதைச் சொல்ல மனமில்லாமல் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மகள் தண்ணீர் எடுக்கிற சாட்டில் உள்ளே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. மருமகனும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"மாமி, மீன் விக்கிற ஆக்களுக்கே மீன் குழம்பு வைச்சிருக்கிறியள். பயந்திட்டினம் போல."

"சும்மா இருங்கோப்பா, பகிடிக்கு நேரம் காலம் இல்லையே?" என்று மகள் சீறினாள்.

அந்த நேரம் அண்ணன் மகள் குசினி வாசலுக்கு வந்து, மெதுவாக மகளிடம் ஏதோ கேட்டாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அவையள் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். அவையின்ர வீட்டில ஆகப் பெரிய ஆள் முதல் வாய் வைக்காமல் மற்ற ஆக்கள் கை வைக்க மாட்டினமாம். இந்த வீட்டில நீங்கள்தானே பெரிய ஆள்."

மரியாதை என்று நினைத்துத்தான் ஒதுங்கி நின்றேன். அவர்களும் மரியாதைக்குத்தான் காத்திருந்தார்கள். இரண்டு மரியாதைக்கும் நடுவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏலாது பிள்ளை. பிற ஆம்பிளையளுக்கு முன்னால, அதுவும் முதலில..."

மகள் என்னை வற்புறுத்தவில்லை. அவள் கண் மட்டும் கலங்கியது. பட்டறையில் அவள் எரிகாயம் பட்ட விரலோடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த விரலைத்தான் அப்போதும் பார்த்தேன். கையைக் கழுவினேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய், மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சோற்றைக் குழைத்தேன். கண்ணை மூடாத குறையாக ஒரு வாய் வைத்து விழுங்கினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கஷ்டப்பட்டு நான் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை.

அந்தப் பெரியவர் முகம் மலர்ந்தது. உடனே சாப்பிடத் தொடங்கினார்கள். பாருங்கள், அப்படிச் சாப்பிட்டார்கள்! அவர் மீன் குழம்புச் சட்டியில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தார். மற்றவர்களுக்கு வைத்தே பழகிய நான், அந்தத் துண்டை முள்ளை மட்டும் விட்டு முழுதாகச் சாப்பிட்டேன்.

பிறகு அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் மகள் ஆங்கிலத்தில் சொன்னதும் மகளின் முகம் மாறியது. அவள் எனக்குச் சொல்லாமல் ஆங்கிலத்திலேயே ஏதோ மழுப்பத் தொடங்கினாள்.

"பொறு பிள்ளை. என்னட்டைத்தானே கேட்டவர். என்ன கேட்டவர் எண்டு சொல்லு."

சொன்னாள். வேலை நிலைக்கும்வரை மகள் அங்கேயே வந்து இருக்கவேண்டுமாம். ஒரு வருடமோ இரண்டு வருடமோ தெரியாது. தாய்க்குச் சம்மதமில்லாத பிள்ளையோடு அவர் தொழில் தொடங்க மாட்டாராம். மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. எங்கே இருந்தும் செய்யலாம், அவரும் கூடப் போவார். நான்தான் தனியாக இருக்கவேண்டும். அதனால்தான் மகள் அதுவரை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"போகட்டும், நான் இருப்பன் எண்டு சொல்லு."

"அம்மா, டொக்டரிட்டப் போய் ஒரு சொல்லுக் கதைக்கமாட்டியள்."

"பழகுவன். நீ சொல்லு."

அவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று ஒரு காட் எடுத்து நீட்டினார். மகளிடம் அல்ல, என்னிடம். இரண்டு கையாலும் வாங்கினேன். பின்னால் மருமகன் செருமுவது கேட்டது.

சில வாரம் கழித்துச் சரி என்று செய்தி வந்தது. பொங்கல் முடிந்து மகளும் மருமகனும் போனார்கள். எல்லாம் நினைத்த மாதிரி நடக்கவில்லை. ஒரு அனுமதி இழுபட்டது, அனுப்பிய முதல் பெட்டிகள் ஈரத்தில் பழுதாகின. ஒருநாள் மகள் போனில் அழுதாள். "தொடங்கினதை விடாத" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அதைச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? அந்த வாரமே டொக்டரிடம் தனியாகப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் சத்தமாகச் சொல்லும்படி கேட்டாள். என் பெயரை இன்னொரு முறை, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

இப்போது அங்கே அவர்களுடைய பெட்டி பொருத்திய லொறிகள் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது அவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். போனைத் தண்ணிச் செம்பில் சாய்த்து வைப்பேன். திரையில், அந்தப் பக்கம் பெரியவரின் வீட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். "மாமி, கெதியா வையுங்கோ, பசிக்குது" என்று மருமகன் கத்துவார். இன்றைக்கும் எனக்கு வெட்கம் வரத்தான் செய்கிறது. ஆனால் நான் பின்னால் நின்றால் எனக்கு முன்னால் இருப்பவர்கள் பசியோடு இருப்பார்கள் என்று அன்றைக்குப் படித்துவிட்டேன், அதனால் முதல் வாயை நானே எடுத்து வைக்கிறேன்.