தூக்கி அடிக்கும் கழகத்தில் மில்ரன்

மில்ரனுக்கு ஐஸ் கம்பனியில் வேலை. ஐஸ் கட்டி உடைப்பான், மீன்பெட்டி நிரப்புவான். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. பின்னேரங்களில் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்காக இடப்பக்கத்தில் ஓடுவான். ஓடுவான் என்பதுதான் சரி. பந்து வந்தால்தானே விளையாடுவதற்கு?

கழகத்தின் ஆட்டம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். கடற்கரை மைதானத்தில் சோளகக் காற்று முதுகில் வீசும் பாதியில் பந்தை உயரத் தூக்கி அடிப்பார்கள். காற்று அதைக் கொண்டுபோய் எதிராளியின் கோல் வாசலில் போடும். அங்கே பனைபோல நிற்கும் நிறோஜன் தலையால் தட்டுவான். மறுபாதியில் எல்லோரும் தங்கள் கோலை மறித்துக்கொண்டு நிற்பார்கள். இந்த மகா தந்திரத்தைக் கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் கிறகரி. காற்றுக்குக் கொடுக்கவேண்டிய வெற்றிக் கிண்ணங்களைத் தன் வீட்டு அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மனிதர்.

"காத்தில்லாட்டி இவங்கள் ஒரு கோழிக்குஞ்சையும் வெல்லமாட்டாங்கள்," என்று சோற்றுக்கு முன்னால் இருந்து மில்ரன் பொரிவான். "நிலத்தால உருட்டோணும். இடப்பக்கத்தால உள்ளுக்கு வெட்டோணும். ஒரு வழிய அடைச்சா மற்ற வழி இருக்கோணும்!"

"கிறகரி அண்ணையிட்டச் சொன்னனீங்களோ?" என்பாள் மனைவி பெற்றிசியா.

"அந்த மண்டைக்குள்ள மணல். சொல்லி என்ன?"

"அப்ப நீங்களாவது அப்பிடி விளையாடிப் பழகுங்கோவன்."

அதற்கு அவன், கறியில் உப்புக் கூடிப்போச்சு என்பான்.

மில்ரனின் முழங்கால் தேய்ந்துகொண்டே போனது. இந்த வருடத்தோடு சப்பாத்தைக் கழற்றுவதென்று முடிவு. அதற்குமுன் ஊர்க் கிண்ணமல்ல, மாவட்டக் கிண்ணம் ஒன்றையாவது தொட்டுவிட வேண்டும். அந்த ஆசை அவனைத் தின்றது.

மாவட்டக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி முருங்கனில் நடந்தது. சுற்றிவர மரங்கள், காற்று என்ற பேச்சே இல்லை. கழகம் வழக்கம்போலத் தூக்கி அடித்தது. பந்து பாதி வழியிலேயே தொப்பென்று விழ, முருங்கன் அணியின் தடுப்புக்காரன் கோகுலன் அதை அவசரமில்லாமல் நெஞ்சில் வாங்கித் திருப்பினான்.

"இன்னும் உயத்தி அடியுங்கோடா!" என்று கத்தினார் கிறகரி. ஆகா, என்ன மூளை! மில்ரனுக்குச் சிரிப்பு வந்தது. இடைவேளையில் கழகம் ஒரு கோலால் பின்னுக்கு. மில்ரன் கிறகரியிடம் போனான்.

"அண்ணை, அவங்கள் இதுக்குத்தானே காத்துக்கொண்டு நிக்கிறாங்கள். எனக்கு நிலத்தால தரச் சொல்லுங்கோ!"

கிறகரியிடம் வேறு வழி ஏது? "சரி, தாறம். செய்து காட்டு."

கடைசி நிமிடங்களில் பந்து உருண்டு வந்து மில்ரனின் காலில் நின்றது. கோகுலனும் மற்றவர்களும் நிறோஜனைச் சூழ்ந்து நின்றார்கள். இடப்பக்கம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. ஓடினால் கோல்கீப்பர் மட்டும்தான். ஆனால் மில்ரனின் தலை நிமிர்ந்தது. கண் நிறோஜனைத் தேடியது. கால் தன்பாட்டில் பந்தை உயரத் தூக்கி அடித்தது.

கோகுலன் நெஞ்சில் வாங்கினான். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

மில்ரன் புல்லில் குந்திவிட்டான். கிறகரி வந்து தோளில் தட்டினார். முகத்தில் துளி கோபமும் இல்லை.

"அச்சா அடி, தம்பி. காத்து மட்டும் இருந்திருந்தா கோல்தான்."