இரண்டு ஸ்பீக்கரும் ஒரே கதவில்

பழைய கார் ஒன்று வாங்கினேன். அதன் ஸ்பீக்கர் கரகரத்தது. நாமக்கல்லில் லாரிகளுக்கு டேப் மாட்டுகிறவரிடம் இரண்டு புது ஸ்பீக்கர் போடச் சொல்லி, காரையும் அப்பாவையும் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். போர்வெல் ரிக் இரைச்சலில் பல வருசம் நின்று காது மந்தமானவர் அப்பா. அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்லவேண்டும்.

திரும்பி வந்தால், புது ஸ்பீக்கர் இரண்டும் அப்பா உட்காரும் இடது கதவில். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, இப்படியா மாட்டுவாங்க?"

"பெரியவருக்கு இடது காது நல்லாவே கேக்குதுங்க. உங்களுக்கு எங்க மாட்டினாலும் கேக்குமுங்க."

அரைமணி நேரத்தில் அவர் கண்டுபிடித்ததை, கூடவே இருந்த நான் கவனித்ததில்லை.

மோகனூர் போகும் வழியில் அப்பா சொன்னார்: "சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வையி சாமி."