மீனுக்காக நின்ற பாட்டு

போன வாரம் பல்லைக் காட்டப் போன இடத்தில், காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. உள்ளே இரண்டு டிஸ்கஸ் மீன்கள். சாப்பாட்டுத் தட்டு போல வட்டமாக, உடம்பெல்லாம் நீலக் கோடுகளோடு மிதக்குமே, அவைதாம். தொட்டிக்கு மேலே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை கண்ணாடியைத் தட்டியது. மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் டிஸ்கஸ் வளர்த்தேன், கல்கத்தாவில், டாலிகஞ்ச் பக்கம் அலுவலகக் குடியிருப்பில். கோப்புகளில் தவறு கண்டுபிடிப்பது என் உத்தியோகம். அந்தக் கண்ணை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வரக்கூடாதா என்று மனைவி கேட்பாள்.

டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைத் தின்றுதான் வளரும். இரண்டின் விலாவிலும் குஞ்சுகள் மொய்த்திருக்கும் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பைத்தியம் பிடித்தது. ஹவுராவில் மீன் வளர்த்து விற்ற கானுதாவிடம், அதாவது கானு அண்ணனிடம், ஆறு சிறு மீன்கள் வாங்கினேன். வளர்ந்ததும் இரண்டு தாமாகவே ஜோடி சேர்ந்து, கவிழ்த்துவைத்த மண்சட்டியில் தேன் நிறத்தில் முட்டையிட்டன. மூன்றாம் நாள் அத்தனையும் வெள்ளையாகிக் கெட்டுவிட்டன. பத்து நாள் கழித்து மறுபடி முட்டை, மறுபடி வெள்ளை. அந்தப் பூஞ்சை வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அன்று முதல் எனக்கு நிம்மதி இல்லை. ஆபீசில் இருக்கும்போதெல்லாம் வீட்டில் கரண்டு போயிருக்குமோ, ஹீட்டர் நின்று தொட்டித் தண்ணீர் ஆறியிருக்குமோ என்றே நினைப்பு. தொட்டியைக் கறுப்புத் தாளால் மூடினேன். மிக்சி ஓடக்கூடாது என்றேன். மனைவி சட்னியை மாடி வீட்டில் அரைத்துக்கொண்டு வந்தாள். “நம்ம பிள்ளைங்க பொறந்தப்பகூட நீங்க இப்படிக் காவல் இருந்ததில்ல” என்றாள்.

மூன்றாவது முறையும் வெள்ளையானபோதுதான் ஹார்மோனியம் என் கண்ணில் பட்டது. காதில் என்று சொல்ல வேண்டும். தொட்டி இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் துலு, பதினோரு வயதுப் பெண், காலையும் மாலையும் பாடிப் பழகுவாள். குளிர்காலத்தில் அவளுக்குப் பாட்டுப் பரீட்சை. சுவரில் கை வைத்தேன். அதிர்வது போலத்தான் இருந்தது.

துலுவின் அப்பா ஹால்தார் பாபு என் பிரிவில் குமாஸ்தா. அவர் வேலை எப்படி என்று ஆண்டுதோறும் மேலிடத்துக்கு அறிக்கை எழுதுகிறவன் நான். அவரிடம் வீட்டில் கேட்டிருக்கலாம். ஆபீசில், என் அறைக்குக் கூப்பிட்டு, நிற்கவைத்துக் கேட்டேன். குஞ்சு பொரிக்கும்வரை மட்டும் துலு பாடாமல் இருந்தால் போதும் என்றேன். “ஒஷுபிதா நேய், சார்” என்றார். சிரமமே இல்லையாம்.

“அந்தப் பிள்ள பாடுனா மீனுக்கு என்னங்க?” என்றாள் மனைவி.

“கொஞ்ச நாள்தானே.”

“அவரு உங்ககிட்ட எப்படி முடியாதுன்னு சொல்லுவாரு?”

மறுநாளிலிருந்து சுவர் அமைதியானது. முட்டைகள் வெள்ளையாவது மட்டும் நிற்கவில்லை. துலு தினமும் மாலையில் வாசலுக்கு வருவாள். நாங்கள் பேசியது இந்தியும் வங்காளமும் கலந்த ஒரு பாஷை, தமிழில் சொல்கிறேன். “ஜெட்டு, குஞ்சு வந்திருச்சா?” என்பாள். பெரியப்பா என்று அர்த்தம். இல்லை என்பேன். அவள் விரல்கள் கதவுச் சட்டத்தில், சத்தமில்லாமல், கட்டைகளை அழுத்துவது போல ஓடும். பிறகு நுனிக்காலில் நடந்து போவாள். பரீட்சை நெருங்க நெருங்க அவள் கேள்வியைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கானுதாவை வரவழைத்தேன். அன்று மீன்கள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தொட்டி முன்னால் குந்தியிருந்தார். பிறகு சிரித்தார். “தாதா, ரெண்டுமே பொட்டை. மாத்தி மாத்தி முட்டை போடுது, பாருங்க. ஆம்பளை இல்லாட்டி இதுங்க இப்படித்தான் ஜோடி சேரும். எத்தனை வருஷம் காத்திருந்தாலும் பொரிக்காது.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவிக்கும் கேட்டுவிட்டது.

மீன்களை அவரிடமே கொடுத்தனுப்பினேன். மறுநாள் மாலை துலு வந்தாள். பின்னால் ஹால்தார் பாபு. காலித் தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“செத்துப்போச்சா? முன்னாடி நான் பாடினதாலயா, ஜெட்டு?”

ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆனால் பின்னால் என் குமாஸ்தா நின்றுகொண்டிருந்தார். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல்தான் அவர் மகளின் வாயை மூடினேன் என்று அவர் எதிரில் எப்படிச் சொல்வது?

“பரவால்லம்மா, விடு” என்றேன். நான்தான் அவளை மன்னித்தேன்.

அன்று மனைவி என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை; தட்டை மட்டும் வைத்தாள்.

துலு அந்த வருடம் பரீட்சைக்குப் போகவில்லை. இனிப் பாடலாம் என்று நான் சொல்லியனுப்பியும் ஹார்மோனியம் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவர்கள் மாற்றலாகிப் போனபோது, பழைய சேலையில் சுற்றி அதை வண்டியில் ஏற்றினார்கள். ஹால்தார் பாபு எனக்கு வணக்கம் சொன்னார். துலு குனிந்து என் காலைத் தொட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்களாம். பழைய சகா ஒருவர் போனில் சொன்னார். தொட்டி வைத்த இடத்தில் சுவரில் பிடித்திருந்த ஈரக்கறையும் போயிருக்கும். ரெண்டும் பொட்டை மீனும்மா, உன் பாட்டு ஒண்ணும் பண்ணல என்று சொல்ல இன்று நான் கிளம்பினாலும், போய்த் தட்டுவதற்கு அங்கே கதவு இல்லை.