பனிக்குள் ஒரு கௌதாரி

சம்பா அறுவடை முடிந்து, தாளுக்கு நடுவே உளுந்து பூக்கிற மாசி மாதத்தில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. மன்னார்குடிக் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டாலும் விடுவேன், விடியற்காலைக் கௌதாரியை விடமாட்டேன். வரப்பு எது வயல் எது என்று தெரியாத பனி. அதற்குள்ளே எங்கோ கருவேலந் திடலில் ஒரு கௌதாரிச் சேவல் கத்தும். நான் வாயருகே கையைக் குவித்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டி அதே குரலில் கத்துவேன். என் இடத்தில் எவன்டா என்று அது கோபமாகத் திருப்பிக் கத்தும். வேட்டைக் கூட்டாளிகள் செல்போனில் பதிவு செய்த குரலைப் போட்டுப் பார்த்தார்கள். அது கண்டுகொள்ளவே இல்லை. அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மற்றவர்களுக்கு வேட்டை என்றால் கறி. எனக்கு அந்தப் பதில் போதும். கண்ணை மூடிக்கொண்டு கத்துவேன். பதில் வரும்வரை உடம்பு இருப்பதே தெரியாது.

குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரித்தார்.

"தெனம் கத்திட்டு வெறுங்கையோட வர்றியே மாப்ள. அது ஒனக்குக் கௌதாரியா, சிநேகிதனா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் விடியுமுன்னே திடலின் ஓரம் நரம்புக் கண்ணிகளை வைத்துவிட்டுப் பின்னால் படுத்துக் கூப்பிட்டேன். பனியைக் கிழித்துக்கொண்டு, கழுத்தை நீட்டியபடி சண்டைக்கு ஓடிவந்தது. கால் மாட்டிக்கொண்டது. கையில் அதன் நெஞ்சு படபடத்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அன்று சனிக்கிழமை. எங்கள் வீட்டில் கவிச்சி அடுப்பேறாத நாள். ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கலாம் என்று அம்மா அதைக் கொல்லையில் கோழி மூடும் பஞ்சாரத்தைப் போட்டு மூடிவைத்தார்.

ஞாயிறு விடியலிலும் கால்கள் தாமாக வயலுக்குப் போயின. பழக்கத்தில் கத்தினேன். திடல் பேசாமல் கிடந்தது. இன்னொரு முறை கத்தினேன். பதில் வந்தது, எனக்குப் பின்னால், எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து. பஞ்சாரத்து இருட்டுக்குள்ளிருந்தும் அது தன் இடத்தைக் காத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கினேன். விர்ரென்று வேலியைத் தாண்டிப் போயிற்று.

மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா திட்டித் தீர்த்தார். கடைசியில் கடைக் கோழிதான் குழம்பாயிற்று. அத்தான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் சிநேகிதனை நலம் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

சில நாட்களில் திடலில் மறுபடி அதே குரல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையைக் குவித்துக் கூப்பிட்டேன். சட்டென்று நிறுத்திக்கொண்டது. மறுநாளும் அப்படித்தான். பக்கத்துத் திடல் சேவல் கத்தினால் பதில் சொல்கிறது. என் குரலுக்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

இப்போதும் மாசிப் பனியில் வரப்பில் போய் உட்காருகிறேன். அது கத்துகிறது. நாக்கு மேலண்ணத்துக்குப் போகும். அது நிறுத்திவிடுமே என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறேன்.