ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அப்பாவும் நானும் ஆடி மாதம் முழுக்கச் சண்டை போட்டது ஒரு சின்ன வெள்ளை மாத்திரைக்காக. அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். பிரஷர் மாத்திரையை விட்டால் பக்கவாதம் வரும், அப்புறம் ஸ்டீரிங்கைத் தொட முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியும் வாரத்தில் மூன்று நாள் மறந்தார். நான் பெரம்பலூரில் இன்ஜினியரிங் படிக்கிறவள், சும்மா இருப்பேனா? அவர் போனில் காலை எட்டு மணிக்கு அலாரம் வைத்தேன்.

எட்டு மணிக்கு லாரி எடைமேடை வரிசையில் நிற்கும். முன்வண்டி நகரும், பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். அப்பா அலாரத்தை அணைத்துவிட்டு கியரைப் போடுவார். மாத்திரை அதோடு சரி. கணக்குப் போட்டால்தான் அடங்கும் அலாரம் ஒன்றை ஏற்றினேன். சாயங்காலம் போனை என் மடியில் எறிந்தார்.

"பதினேழும் இருவத்தஞ்சும் எவ்வளவுன்னு கேக்குது. நான் வண்டி ஓட்டவா, பரீச்சை எழுதவா?"

"மாத்திரை போட்டீங்களா?"

"கணக்குப் போட்டேன்ல, போதும் போ."

அம்மாவின் குரலைப் பதிவு செய்து அலாரமாக வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். "என் கொரலா? அதுக்கு உங்கப்பா காது மரத்துப்போயி இருவது வருசமாச்சுடி" என்றாள். நினைவாற்றலைப் பற்றி நான் தேடிப் படித்த உளவியல் கட்டுரைகளும் அதையேதான் சொல்லின. கூடவே இன்னொன்று: கடிகார நேரத்தோடு கட்டிய வேலை நழுவும், தினமும் கை தானாகச் செய்கிற காரியத்தோடு கட்டினால் நிற்கும்.

அப்பாவின் கை தானாக என்ன செய்யும்? லோடு இறக்கியதும் டீயோடு கேபினில் ஏறி, போனைச் சார்ஜரில் செருகும். செருகியதும் திரையில் மாத்திரைப் படம் வருகிற மாதிரி நிரல் எழுதினேன். சத்தமே கிடையாது. மாத்திரை அட்டையைச் சார்ஜர் பக்கத்திலேயே ஒட்டினேன்.

"என் வண்டியில கை வைக்காத!" என்று கத்தினார். ஒட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

திங்கள் முதல் சனி வரை அட்டையில் ஆறு குழியும் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு மதியம் வீட்டு வாசலில் நின்ற லாரியில் ஏறிப் பார்த்தால், ஏழாவது மாத்திரை அப்படியே இருந்தது. அன்றைக்கு லாரி ஓடாது. வீட்டில் அவர் போனுக்குச் சார்ஜர் போடுவது அம்மா; படம் அவர் கண்ணில் படவே இல்லை.

"ஏன்ப்பா போடல?" என்று டிவி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"எனக்கு லீவுன்னா அதுக்கும் லீவுதான். போனு என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

மாத்திரையும் தண்ணீரும் எடுத்துவந்து டிவியை மறைத்துக்கொண்டு நின்றேன். என்னை முறைத்தபடியே விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார்.

"போதுமா போலீசு?"

"நாக்கைத் தூக்குங்க" என்றேன்.